பள்ளி மணியை நகர்த்தும் முன் முதல் நிறுத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழும்ப வேண்டும், அதற்காகப் பள்ளி தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் பேசுகிறவர்கள் எல்லோரும் எட்டே முக்காலா, ஒன்பதா, ஒன்பதரையா என்று மணியடிக்கும் நேரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். குமரி மாவட்டத்தில் அது பாதிக் கணக்கு. அருமனைப் பக்கமோ திற்பரப்புப் பக்கமோ ஒரு பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறது என்பதைப் பள்ளி வேனின் முதல் நிறுத்தம் தீர்மானிக்கிறது. அதற்கும் முன்னால் விடியக்காலை டியூஷன் தீர்மானிக்கிறது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பென்றால் ஸ்பெஷல் கிளாஸ். இந்த மூன்றையும் தொடாமல் மணியை மட்டும் அரை மணி நேரம் நகர்த்தினால், பிள்ளைக்கு ஐந்து நிமிடத் தூக்கம்கூட அதிகமாகக் கிடைக்காது.

வேன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பள்ளி மணி காலை 8.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டி இரண்டு டிரிப் அடிக்கிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். இரண்டாம் டிரிப், பக்கத்து ஊர்களுக்கானது, 40 நிமிடம் பிடிக்கும். அது 8.30-க்குப் பள்ளிக்கு வர வேண்டுமென்றால் 7.50-க்குத் தொடங்க வேண்டும். வண்டி அந்த இடத்துக்குப் போய்ச்சேர 10 நிமிடம். ஆகவே தூரத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிவரும் முதல் டிரிப் 7.40-க்குள் பள்ளியில் இறக்கியாக வேண்டும். அது 50 நிமிட ஓட்டம் என்றால் முதல் நிறுத்தம் 6.50. அந்த நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளை குளித்து, சடை பின்னி, சாப்பிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு 6.45-க்கு ரோட்டுக்கு வர, குறைந்தது 5.45-க்கு எழும்ப வேண்டும். முந்தைய நாள் வீட்டுப்பாடம் பாக்கி என்றால் 5 மணி.

7.40-க்கு இறங்கிய பிள்ளை 8.45 வரை 65 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும். பாடமும் இல்லை, தூக்கமும் இல்லை. 'சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு டெஸ்ட் வைக்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். முதலில் வாரம் இரண்டு நாள், பிறகு தினமும். பிறகு இரண்டாம் டிரிப்புப் பிள்ளைகள் மட்டும் ஏன் விடுபட வேண்டும் என்று அவர்களையும் சீக்கிரம் வரச் சொல்வார்கள். பல பள்ளிகளில் 'ஜீரோ அவர்' முளைப்பது இப்படித்தான். கல்வி நோக்கத்தில் தொடங்கியதாகச் சொல்லிக்கொண்டாலும் அதன் வேர் வண்டி ஷெட்டில் இருக்கிறது.

பதின்ம வயதுப் பிள்ளை சீக்கிரம் தூங்காததை அடம் என்று நினைக்கிறோம். பூப்பெய்தும் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலட்டோனின், சிறு வயதில் சுரந்ததைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. விழித்திருக்க விழித்திருக்கக் கூடும் தூக்கச்சுமையும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஐந்தாம் வகுப்பில் எட்டரைக்கே சாய்ந்துவிட்ட பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் பத்தரை, பதினொன்று வரை கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பது இதனால்தான். தூங்கும் நேரம் பின்னால் போகிறதே தவிர, தேவை பெரிதாகக் குறைவதில்லை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்தது. பத்தரைக்குத் தூங்கும் பிள்ளைக்கு எட்டரை மணி நேரம் வேண்டுமென்றால் 7 மணிக்குத்தான் எழும்ப வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே வேன் வந்து போய்விட்டது.

இழப்பு வெறும் மணிக்கணக்கும் இல்லை. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவுத் தூக்கம் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் குவிந்திருக்கிறது. எட்டரை மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளையை ஆறாவது மணியில் எழுப்பினால், போவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்கு. படித்ததை மூளை அடுக்கிவைப்பதில் தூக்கத்தின் இரு பகுதிகளுக்கும் பங்கு உண்டு. எழுப்பிய பிறகும் 15 முதல் 30 நிமிடம் வரை, சில வேளை அதற்கு மேலும், மூளை மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் ஒப்பிக்க வைத்து, ஒப்பிக்கவில்லை என்று அடிக்கிற வீடுகளும் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாகர்கோவில் இருப்பது ஏறத்தாழ 77.4 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், நம் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட 20 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 மணிக்கு உதிக்கும் சூரியன், ஜனவரிக் கடைசியில் 6.40 சுமாருக்குத்தான் உதிக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கி, அதிகாலைப் படிப்பும் டெஸ்ட்டும் கூடும் மாதங்களில்தான் இங்கே விடியல் ஆண்டிலேயே மிகவும் தாமதம். சூரியக் கணக்கில் பார்த்தால் ஜனவரியில் 4.30-க்கு அலாரம் வைப்பது ஜூனில் 4 மணிக்கு முன்பே வைப்பதற்குச் சமம்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. உடல் வெப்பநிலை ஒரு நாளில் மிகவும் தாழும் நேரம், இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு வரும். 7 மணிக்கு மேல் தானாக விழிக்கக்கூடிய பிள்ளைக்கு அது 5 மணிவாக்கில். அந்தத் தாழ்நிலைக்குப் பிறகு கண்ணில் விழும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பு விழும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். 4 மணிக்கே எழுப்பி டியூப்லைட்டுக்கு அடியில் உட்காரவைத்தால், அன்று இரவு அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் இன்னும் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு. சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் தூங்கிவிடும் என்ற வீட்டு வைத்தியம் இந்த வயதில் பல நேரம் பலிக்காதது இதனால்தான். அதே பிள்ளை 7 மணிக்கு எழும்பி முற்றத்தில் பத்து, இருபது நிமிடம் வெயில் காய்ந்தால் கடிகாரம் சரியான திசையில் நகரும்.

'விடியக்காலைப் படிப்புதானே மனதில் நிற்கும், நாங்கள் எல்லாம் காலத்தே எழும்பிப் படித்தவர்கள்தானே' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு எட்டரைக்குப் படுத்த காலத்தில் நாலரைக்கு எழும்பினாலும் எட்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இப்போது எழும்பும் நேரத்தை மட்டும் அந்தக் காலத்தில் வைத்திருக்கிறோம்; படுக்கும் நேரம் எங்கேயோ போய்விட்டது.

பொதுத்தேர்வு எத்தனை மணிக்கு? 10 மணிக்கு வினாத்தாள், 10.15-க்கு எழுதத் தொடங்க வேண்டும், 1.15-க்கு முடியும். மூளை உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆண்டு முழுவதும் 5 மணிக்கு விழித்து, பத்தரைக்குக் கொட்டாவி விட்டுப் பழகிய பிள்ளையை அந்த மூன்று மணி நேரத்துக்கு நாம்தான் கெடுத்து அனுப்புகிறோம்.

வெளிநாட்டு உதாரணங்களை எடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2014-ல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 ஜூலை முதல் அது சட்டம். சியாட்டில் நகரில் 2016-ல் 7.50-ஐ 8.45 ஆக்கினார்கள், மாணவர் தூக்கம் இடைநிலைக் கணக்கில் (மீடியன்) 34 நிமிடம் கூடியதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். 'நேரம் கொடுத்தால் இன்னும் தாமதமாகத் தூங்கும்' என்ற பயத்துக்கு அது நல்ல பதில். ஆனாலும் 55 நிமிடம் நகர்த்தியதில் 34 நிமிடம்தான் தூக்கமாக மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் 2023-ல் இப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டு, நடைமுறைக்கு வரும் முன்பே 2025-ல் திரும்பப் பெற்றார்கள். பேருந்துக்கும் செலவுக்கும் வழி தெரியவில்லை என்று பள்ளி நிர்வாகங்கள் கைவிரித்ததுதான் முக்கியக் காரணம். நமக்குப் பாடம் கலிஃபோர்னியாவைவிட ஃபுளோரிடாவில்தான் அதிகம். 8.30 என்ற எண்ணைக் கொடியாகப் பிடிப்பதிலும் பொருளில்லை. நம் பள்ளிகள் பலவற்றில் மணி அதற்குப் பிறகுதான் அடிக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஒன்பதைத் தாண்டித்தான். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் 10 மணி. 2025-ல் உயர்நிலை வகுப்புகளுக்கு அதைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்து 9.45 ஆக்கினார்கள். அவ்வளவு தாமதமாகத் தொடங்கியும் அங்கே யார் படிப்பும் கெட்டுப்போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? புது வண்டி வாங்காமல் செய்யக்கூடிய ஒரு வழி, ஒரே வளாகத்தில் இரண்டு மணி. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்புவரை 8.30 முதல் 2.30. ஆறு முதல் பன்னிரண்டுவரை 9.30 முதல் 3.50. இப்போது 'தூரம், பக்கம்' என்று பிரித்து அடிக்கும் இரண்டு டிரிப்பை 'சிறியவர், பெரியவர்' என்று பிரிக்க வேண்டும். வண்டி முழுத் தடத்தையும் சுற்றிச் சிறியவர்களை 7.15 முதல் 8.05-க்குள் கொண்டுவந்து இறக்கும். காலியாகத் தடத்தின் கடைசிக்குப் போக 25 நிமிடம். 8.30-க்குப் பெரியவர்களின் முதல் நிறுத்தம், 9.20-க்குப் பள்ளி. மாலையில் 2.40-க்குச் சிறியவர்களோடு கிளம்பி, 3.30-க்கு முடித்து, 3.55-க்குத் திரும்பி, 4 மணிக்குப் பெரியவர்களை ஏற்றினால் கடைசிப் பிள்ளை 4.50-க்கு வீட்டில். முதல் நிறுத்தத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 6.50 என்பது 8.30 ஆகிறது. ஒரு மணி நாற்பது நிமிடம்.

செலவே இல்லை என்று சொல்லமாட்டோம். காலி ஓட்டம் நீளுவதால் டீசல் கூடும். ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் மதிய இடைவெளி குறையும். ஒன்றாம் டிரிப் எங்காவது நெரிசலில் 15 நிமிடம் சிக்கினால் இரண்டாம் டிரிப் முழுவதும் சரியும். அதனால் முதல் மாதம் இரண்டாம் மணிக்கு 10 நிமிட இளக்கம் வைத்து, வராதவரை 'லேட்' என்று வாசலில் நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

பாட நேரம் குறையுமே என்பவர்களுக்காக அட்டவணையையும் போட்டுக் காட்டுகிறோம். 9.20-க்கு வழிபாடு, பத்து நிமிடம். 9.30 முதல் 10.50 வரை இரண்டு பாடவேளை. பத்து நிமிட இடைவேளை. 11 முதல் 12.20 வரை இரண்டு. 1 மணி வரை சாப்பாடு. 1 முதல் 2.20 வரை இரண்டு. மறுபடி பத்து நிமிடம். 2.30 முதல் 3.50 வரை இரண்டு. எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். இன்று 8.45-க்குத் தொடங்கி 4.15-க்கு விடும் பள்ளியிலும் பல இடங்களில் பாடவேளை எட்டுதான். மிச்ச நேரத்தை நீண்ட காலை வழிபாடும், 'ஸ்டடி' என்ற பெயரில் யாரும் படிக்காத ஒரு மணி நேரமும் தின்றுவிடுகின்றன. கணக்கும் இயற்பியலும் முதல் பாடவேளையில் வேண்டாம். இரண்டு முதல் நான்குவரை வைக்கலாம். சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளையில் எல்லா வயதுக்கும் ஒரு சோர்வு வரும். அங்கே செய்முறை, ஓவியம், உடற்கல்வி.

இதில் இடறும் இடம் இரண்டு. ஒன்று, அக்காவின் கையைப் பிடித்து வரும் ஒன்றாம் வகுப்புத் தம்பி. பள்ளி வண்டியில் உதவியாளர் இருப்பதால் நிறுத்தத்தில் பெற்றோர் நின்று ஏற்றிவிட்டால் போதும். டவுன் பஸ்ஸிலோ நடந்தோ வரும் பிள்ளைகளுக்கு அப்படி முடியாது. அந்த வீடுகளில் அக்காவும் தம்பியோடு முன்னதாகவே வர வேண்டியிருக்கும். அவளுக்கு இதில் லாபம் இல்லை. அப்படி ஒரு பள்ளியில் எத்தனை பேர் என்று வகுப்பு வகுப்பாக எண்ணிப் பாருங்கள். எண்ணாமலேயே 'பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று கூட்டத்தை முடித்துவிடுகிறோம். இரண்டாவது இடறல், சிறியவர்களின் படுக்கை நேரம். எட்டரைக்குத் தூங்கி ஆறேகாலுக்கு எழும்பும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கவலை இல்லை. சீரியல் முடிந்து பத்து மணிக்குப் படுக்கும் வீடு என்றால் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். மகாராஷ்டிர அரசு 2024-ல் இதற்கு நேர்மாறாக, நான்காம் வகுப்புவரை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. வீட்டில் பெரியவர்களே நேரம் கழித்துப் படுக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்பதுதான் அங்கே காரணம். எந்த வழி நமக்குப் பொருந்தும் என்பது நம் வீடுகளில் தொலைக்காட்சி எத்தனை மணிக்கு அணைகிறது என்பதைப் பொறுத்தது.

நெரிசலையும் சொல்லியாக வேண்டும். 9 முதல் 9.30 வரை மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழேயும், தக்கலையிலும், வெட்டூர்ணிமடத்திலும் அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை எல்லாம் ஒன்றாக நகரும் நேரம். எல்லாப் பள்ளியும் 9.30 என்றால் ரோடு அடைத்துப்போகும். ஒரு டவுனில் அடுத்தடுத்து இருக்கும் பள்ளிகள் 9.15, 9.30, 9.45 என்று தங்களுக்குள் கால் மணி நேரம் விட்டு வைத்துக்கொள்ளலாம். கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகளைப் பள்ளி நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளி நேரம் நகர்ந்தால் அந்தத் தடை நேரமும் கூடவே நகர வேண்டும். இல்லையென்றால் தடை நீங்கி லாரிகள் கிளம்பும் நேரமும் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் சிக்கல் வேறு. மணி நியாயமான நேரத்தில்தான் அடிக்கிறது. ஆனால் பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு 8.15-க்கே சிறப்பு வகுப்பு. மலையோர ஊர்களிலும் உள்ரோட்டு ஊர்களிலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்பதால் 7.35 பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது 8.50, அது பள்ளிப் பக்கம் வந்துசேர 9.35. பத்து நிமிடம் தாமதமாகிவிடும் என்பதற்காகச் சிறப்பு வகுப்பு இல்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளையும் 7.35-க்கே ஏறுகிறது. அந்த 8.50 நடையை 8.30 ஆக்கினால் போதும். அந்தத் தடத்தில் சிறப்பு வகுப்பு இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைத்துவிடும்.

சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. நவம்பரில் இங்கே ஏறத்தாழ 6 மணிக்கே சூரியன் மறைகிறது. வடகிழக்குப் பருவமழை வேறு. நாலரைக்கே இருண்டுவிடும் நாட்கள் உண்டு. ஆகவே மாலை வகுப்பு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பாடம்தான், கையில் சுண்டலோ கப்பைக் கிழங்கோ ஏதாவது கொடுத்து. பசித்த பிள்ளைக்குக் காலை வகுப்பும் மாலை வகுப்பும் ஒன்றுதான்.

டியூஷன் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்குப் பொருளில்லை. 5.30-க்கும் 6-க்கும் தொடங்கும் டியூஷன் சென்டர்கள் நம் மாவட்டத்தில் எந்த ஜங்ஷனில் இல்லை? பள்ளி மணியைப் பின்னால் தள்ளியதும் முதலில் விழித்துக்கொள்வது அவர்கள்தான். '6 முதல் 7.30' என்ற பேட்ச் '6 முதல் 8' ஆகும். தூக்கத்துக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரம் கட்டணமாகக் கைமாறும். இதற்குச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஜங்ஷனில் உள்ள சென்டர்கள் கூடி '7 மணிக்கு முன் பேட்ச் இல்லை' என்று ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் யாருக்கும் மாணவர் குறையமாட்டார்கள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருடைய பிள்ளைகள் எதிர்க் கட்டிடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் யாரும் நிறுத்துவதில்லை. பள்ளியும் பெற்றோர் கூட்டத்தில் எழுத்துமூலம் ஒன்று கேட்கலாம்: பிள்ளை காலை டியூஷன் போகிறதா, எத்தனை மணிக்கு?

சீக்கிரம் வந்துதான் தீர வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் விடியும் முன் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் நின்றுவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் அப்பாவும் அம்மாவும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். கடற்கரை ஊர்களில் வள்ளம் கரை சேரும் நேரத்தை வைத்து வீடு விழிக்கும். காலைப் பணிக்கு ஓடும் செவிலியர் வீடும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்காக 7.45-க்குப் பள்ளி வாசல் திறந்திருக்க வேண்டும். ஒரு அறை, ஒரு ஆசிரியர் முறைவைத்து, பாய் நான்கு, நாளிதழ், குடிக்கத் தண்ணீர். அங்கே பாடம் நடத்தக் கூடாது, டெஸ்ட் வைக்கக் கூடாது. தலையைச் சாய்த்துத் தூங்கினால் எழுப்பவும் கூடாது. இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் அடுத்த ஆண்டே அது ஜீரோ அவராக மாறிவிடும்.

வீட்டுப் பக்கமும் சில உண்டு. மாலை 6 மணிக்குக் குடித்த கடுப்பமான சாயாவின் காஃபீனில் ஏறத்தாழ பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்துவரை தூங்கவிட்டால் அன்று இரவு பன்னிரண்டுக்குத்தான் தூக்கம் வரும், திங்கட்கிழமை முதல் பாடவேளை கோவிந்தா. வார நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு, மீதியை மதியம் ஒரு குட்டித் தூக்கமாகக் கொடுக்கலாம். 20 முதல் 30 நிமிடம், 3 மணிக்கு முன். ஆசிரியர்கள் இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போடுவதை நிறுத்த வேண்டும். 6 மணிக்குப் பிறகு வந்த செய்தி மறுநாளைக்கானது என்று தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ரெக்கார்டு நோட்டு எழுதுவதற்குச் செய்முறை வகுப்பிலேயே கடைசி 15 நிமிடத்தை ஒதுக்கினால், பிளஸ் டூ பிள்ளைகளின் நள்ளிரவு பாதி குறையும். ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை: இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எந்த மதத்துக்கும் விலக்கு எழுதப்படவில்லை. கொடைக்கும் திருவிழாவுக்கும் நள்ளிரவு 12 வரை, ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல், அரசு தளர்த்தலாம் என்பது தவிர அதிகாலை 4.30-க்கு அங்கே இடமே இல்லை.

மாற்றுவதற்கு முன்பு அளந்து பாருங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம்: தேதி, விளக்கணைத்த நேரம், எழும்பிய நேரம், வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், தானாக எழும்பியதா எழுப்பினார்களா. பதினான்கு நாள், இரண்டு ஞாயிறும் சேர்த்து. பெயர் எழுத வேண்டாம், வகுப்பும் நிறுத்தமும் போதும். பெயர் கேட்டால் எல்லோரும் பத்து மணிக்குத் தூங்கியதாகத்தான் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் பள்ளி நாளுக்கும் எழும்பும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பிள்ளை தூக்கக் கடனில் இருக்கிறது. சோதனைக்கு ஏற்ற காலம், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல் அரையாண்டுத் தேர்வுவரை. முதல் பாடவேளை வருகை, தாமத வருகை, வழிபாட்டில் மயங்கி விழுந்தவர் எண்ணிக்கை மூன்றையும் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம். மதிப்பெண்ணை இதில் இழுக்காதீர்கள். ஒரு பருவத்தில் அது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நூறு காரணம் இருக்கும்.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டுதான். பள்ளி திறக்கும் முன் கோடை விடுமுறையில் எல்லாப் பள்ளி வாகனங்களையும் ஆய்வுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பிரேக், அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி பார்க்கும் அதே நேரத்தில், ஒவ்வொரு வண்டியின் தடத் தாளையும் வாங்கி முதல் நிறுத்தத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். 7 மணிக்கு முன் என்றால் ஏன் என்று எழுத்தில் கேட்கட்டும். ஆய்வு நடத்தும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் அந்தப் பட்டியலை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டால், மாவட்டத்தில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறது என்பது முதல் தடவையாக ஒரே தாளில் தெரியும்.

இரண்டாவது, அரசுப் பேருந்து நேரம். இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவும், மே 1 கிராம சபையும் தீர்மானம் போடலாம். 'மாணவர் நலன் கருதிப் பேருந்து வசதி செய்துதர வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் கிடக்கும். தடம் எண், நிறுத்தத்தின் பெயர், இப்போது வண்டி வரும் நேரம், வேண்டிய நேரம், அங்கே ஏறும் மாணவர் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதி, பயண அட்டை வைத்திருப்பவர்களின் வகுப்புவாரிக் கணக்கை இணைத்து, அந்த வண்டி கிளம்பும் டெப்போவின் கிளை மேலாளருக்கு ஒரு படி கொடுங்கள். அதே வண்டி அடுத்து எந்தத் தடத்துக்குப் போகிறது என்பதையும் நடத்துநரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். 20 நிமிடம் முன்னால் நகர்த்தினால் அந்த ஊர்க்காரர்களுக்கு வண்டி போய்விடுமே என்ற கேள்விதான் முதலில் வரும்.

இப்படிக்கு,
பள்ளிக் கால அட்டவணை, வாகனத் தடப் பொறுப்புகளைக் கவனித்துவரும் ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.